டீமுக்கு புதுசா வந்த பேக்கப் ரன்னிங் பேக்கை எடைபோடுறது எப்படி? புதுசா பாக்க ஆரம்பிச்சவங்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 நவம்பர் முதல் வாரம். அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்ல, டெனசி டைட்டன்ஸ் டீமோட மெயின் ரன்னிங் பேக் (பந்தோட ஓடுறவர்) டெரிக் ஹென்ரிக்கு பாதத்துல எலும்பு முறிஞ்சு ஆபரேஷன்னு செய்தி வந்துச்சு. 8 மேட்ச்ல 937 யார்டு ஓடியிருந்த மனுஷன். அவர் இடத்தை நிரப்ப டீம் ஒரே வாரத்துல ரெண்டு பேரை கூட்டிட்டு வந்தாங்க, ஒருத்தர் ஏட்ரியன் பீட்டர்சன், இன்னொருத்தர் டி'ஆன்டா ஃபோர்மன். நான் ஃபேன்டசி லீக்ல (நிஜ ஆட்டக்காரங்களை வச்சு நாம நடத்துற கற்பனை டீம் விளையாட்டு) மிச்சம் வச்சிருந்த வெய்வர் பட்ஜெட், அதாவது யாரும் எடுக்காத ஆளை ஏலம் கேக்க வச்சிருக்கிற கற்பனைப் பணம் மொத்தத்தையும் பீட்டர்சன் மேல போட்டேன். 2012ல ஒரே சீசன்ல 2,097 யார்டு ஓடினவராச்சே, பேரைப் பாத்தேன், அதுக்கு மேல எதையும் பாக்கல. அவருக்கு அங்க 3 மேட்ச்தான் கிடைச்சுது, 27 கேரி (பந்தோட 27 ஓட்டம்), 82 யார்டு, நவம்பர் முடியறதுக்குள்ள டீம் விடுவிச்சுட்டாங்க. ஃபோர்மன் சீசன் முடியறப்போ 133 கேரி, 566 யார்டு, அதுல 3 மேட்ச்ல நூறு யார்டைத் தாண்டியிருந்தாரு.

இதுல எனக்கு ரொம்ப வலிச்சது என்னன்னா, ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அந்த வாரமே எல்லார் கண்ணுக்கும் தெரியிற மாதிரி வெளியிலதான் கிடந்துச்சு. ஃபோர்மன் 2020லயே அதே டைட்டன்ஸ்ல இருந்தவர், அவங்க ரன் ஆட்டம் அவருக்குப் பழகினது, வயசு 25. பீட்டர்சனுக்கு 36, டீமும் புதுசு, அந்த சீசன்ல அதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட ஆடல. இதெல்லாம் பத்து நிமிஷத்துல தேடி எடுக்கக்கூடிய விஷயம். எங்க தேடணும், எந்த வரிசையில பாக்கணும்னு யாரும் சொல்லித் தரல, அதனால அடுத்த ரெண்டு மூணு சீசன் தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கிட்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்னுதான் இதை எழுதறேன்.

ரொம்ப புதுசா வந்தவங்களுக்கு நாலஞ்சு வரி: இது காலால உதைக்கிற ஃபுட்பால் இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். ஆட்டத்தை நடத்தி பாஸ் வீசுறவர் குவார்ட்டர்பேக், அவர் கையில இருந்து பந்தை வாங்கிட்டு ஓடுறவர் ரன்னிங் பேக். அப்படி ஓடுற ஒவ்வொரு தடவையும் ஒரு கேரி. நடுவுல நிக்கிற சென்டர் பந்தை பின்னால குடுத்து ஆட்டத்தைத் தொடங்குறது ஸ்னாப். 10 யார்டு முன்னேற டீமுக்குக் கிடைக்கிற நாலு வாய்ப்புல ஒவ்வொண்ணும் ஒரு டவுன். பந்து தொடங்குற கோட்டுல நின்னு வழி திறந்து விடுற ஆளுங்க வரிசைதான் லைன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

யாரை எடுத்தாங்க யாரை விட்டாங்கன்ற டிரான்சாக்‌ஷன் லிஸ்ட், காயம் பத்தின இஞ்சுரி ரிப்போர்ட், ஸ்னாப் கவுண்ட், சம்பள விவரம், வீடியோ. இந்த அஞ்சும் போதும். முதல் ரெண்டும் லீக்கோட சொந்த தளத்துலயே இலவசம். எந்த மேட்ச்ல எத்தனை ஸ்னாப் ஆடினாருன்றது ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ்ல 2012ல இருந்து இருக்கு. சம்பளத்துக்கு ஓவர் தி கேப், ஸ்பாட்ராக், ரெண்டுமே இலவசம்.

காசு செலவாகுறது வீடியோவுக்கு மட்டும்தான். 22 பேரும் தெரியிற மாதிரி மேல இருந்து எடுக்கிற ஆல்-22 ஃபிலிம் அமெரிக்காவுல என்எஃப்எல் ப்ளஸ் ப்ரீமியம்ல வருது, நான் எடுத்தப்போ மாசம் 14.99 டாலர். வருஷ பிளான் எடுக்காதீங்க, ஒரு மாசம் எடுத்து வேலையை முடிச்சிட்டு கேன்சல் பண்ணிடுங்க. அது கிடைக்காத ஊர்ல இருந்தீங்கன்னா கவலையே படாதீங்க, ரன்னிங் பேக் எப்பவும் குவார்ட்டர்பேக் பக்கத்துலயே நிக்கிறதால சாதாரண டிவி ஒளிபரப்புலயே அவரைப் பத்தி முக்கால்வாசி தெரிஞ்சுடும். ஹைலைட்ஸ் வீடியோவை மட்டும் நம்பிடாதீங்க, அதுல நல்ல ஓட்டம் மட்டும்தான் இருக்கும், ரெண்டு யார்டுல விழுந்த இருபது ஓட்டம் இருக்காது.

நேரம்னு பாத்தா ஒரு ஆளுக்கு ஒரு சாயங்காலம், மூணு மணி நேரம்.

1. எதுக்காக கூட்டிட்டு வந்தாங்கன்னு முதல்ல கண்டுபிடிங்க

இதைத் தெரிஞ்சுக்காம அடுத்த படிக்குப் போகாதீங்க, நான் பண்ணின தப்பே அதுதான். பேக்கப்னு ஒரே பேர்ல கூப்பிட்டாலும் உள்ள நாலஞ்சு வேற வேற வேலை இருக்கு. மெயின் ஆள் விழுந்துட்டா பதினஞ்சு இருபது கேரி ஓடணும்னு எடுக்கிறது ஒண்ணு, மூணாவது டவுன்ல குவார்ட்டர்பேக்கை காப்பாத்தவும் பாஸ் பிடிக்கவும் எடுக்கிறது ஒண்ணு, கோல் லைன் கிட்ட ஒரு யார்டு முட்டித் தள்ள எடுக்கிறது ஒண்ணு, கிக்காஃப்ல எதிராளி உதைச்ச பந்தைப் பிடிச்சு திருப்பி ஓட எடுக்கிறது இன்னொண்ணு. ஆகஸ்ட் மாசம் எடுத்தாங்கன்னா பெரும்பாலும் இதுல எதுவுமே இருக்காது. அப்போ ரோஸ்டர்ல (டீமோட ஆளுங்க பட்டியல்) 90 பேர் இருப்பாங்க, சீசனுக்கு முந்தின பிரீசீசன் மேட்ச்ல மெயின் ஆளுங்களுக்கு அடிபடாம இருக்க ஓடுறதுக்கு ஒரு உடம்பு வேணும், அவ்வளவுதான். மாசக் கடைசியில 53 பேரா குறைக்கும்போது அந்தப் பேர் காணாமப் போயிடும். அதனால ஆகஸ்ட் செய்தியைப் பாத்து சந்தோஷப்பட அவசரமே வேண்டாம்.

சீசன் நடுவுல எடுத்திருந்தா மெயின் ஆளோட காயத்தைப் பாருங்க. இஞ்சுர்டு ரிசர்வ்ல (காயம்பட்டு ஒதுங்கினவங்க பட்டியல்) போட்டிருந்தா இப்போ இருக்கிற விதிப்படி குறைஞ்சது 4 மேட்ச் அவர் வரமாட்டாரு, புதுசா வந்தவருக்கு உண்மையிலேயே வேலை இருக்கு. இஞ்சுரி ரிப்போர்ட்ல வெறும் சந்தேகம்னு போட்டு புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் பிராக்டிஸ்ல பாதியாவது கலந்துக்கிட்டிருந்தா, புது ஆள் ஒரு காப்பீடு மாதிரி உக்காந்திருக்கப் போறாரு.

ஏற்கனவே அந்த டீம்ல இருந்திருக்காரா, இல்ல இப்போ இருக்கிற கோச்சோட வேற ஊர்ல வேலை பாத்திருக்காரா, இதையும் இங்கயே பாத்துடுங்க. ஃபோர்மன் விஷயத்துல என் கண்ணுக்குத் தப்பினது இந்த ஒரு வரிதான்.

2. சம்பளத்தைப் படிங்க

பிரஸ் மீட்ல கோச் எல்லாரையும் புகழ்வாரு, எந்த அளவுக்கு நம்புறாங்கன்னு காசுலதான் தெரியும். 2025 சீசன்ல புதுமுகத்துக்கு குறைஞ்சபட்ச சம்பளம் 8,40,000 டாலர், 4 முதல் 6 சீசன் அனுபவம் இருந்தா 11,70,000, ஏழோ அதுக்கு மேலயோ போனா 12,55,000. பேக்கப்ல நிறைய பேர் இந்தக் கணக்குலதான் வருவாங்க, அதனால சம்பளத் தொகையைவிட கேரண்டி எவ்வளவுன்னு பாருங்க. கேரண்டி பூஜ்யம்னா நாளைக்கே அனுப்பினாலும் டீமுக்கு நஷ்டம் இல்ல. கொஞ்சமாவது சைனிங் போனஸ் குடுத்திருந்தா, அவரை வச்சுக்கணும்னு யாரோ உள்ள பேசியிருக்காங்கன்னு அர்த்தம்.

பிராக்டிஸ் ஸ்குவாட்ல (53 பேர்ல சேராம டீமோட பயிற்சி பண்ற குழு) எடுத்திருந்தா வேற கணக்கு. அங்க இருந்து ஒரு ஆளை மேட்ச்சுக்கு மேல ஏத்துறது ரெகுலர் சீசன்ல 3 தடவைதான், அதுக்கு அப்புறமும் வேணும்னா 53 பேர் ரோஸ்டர்ல சேர்த்தே ஆகணும். அந்த மூணு தடவையும் முடிஞ்சு நாலாவது வாரம் என்ன பண்றாங்கன்னு கவனிச்சுப் பாருங்க, சேர்த்துக்கிட்டாங்கன்னா அது கோச் வாயால சொல்றதைவிட பெரிய சாட்சி.

இங்க ஒரு பொறி இருக்கு. குறைஞ்சது 4 சீசன் ஆடின அனுபவசாலி முதல் வாரத்துல 53ல இருந்துட்டா, அப்புறம் அனுப்பினாலும் அந்த வருஷத்தோட மிச்ச சம்பளத்தைக் கேட்டு வாங்க அவருக்கு உரிமை உண்டு, இதை ஒருத்தர் தன் வாழ்நாள்ல ஒரு தடவை பயன்படுத்திக்கலாம். இதனாலயே சில டீம் தெரிஞ்ச அனுபவசாலிகளை ரெண்டாவது வாரம்தான் எடுப்பாங்க. அதைப் பாத்து யாருக்கும் வேண்டாத ஆள்னு நினைச்சுடாதீங்க.

3. ஓட்டத்தைப் பாக்கிறதுக்கு முன்னாடி, பந்து கையில இல்லாதப்போ என்ன பண்றாருன்னு பாருங்க

என் மூணு மணி நேரத்துல ஒண்ணரை மணி நேரம் இதுக்குத்தான் போகும், உங்களுக்கும் அப்படித்தான் சொல்லுவேன். பேக்கப் களத்துல நிக்கணும்னா குவார்ட்டர்பேக்கை அடி வாங்காம காப்பாத்தத் தெரிஞ்சிருக்கணும். எவ்வளவு அழகா ஓடினாலும் இது வராட்டி கோச் அவரை மூணாவது டவுன்ல இறக்கவே மாட்டாரு, இறக்காத ஆளுக்கு நம்பர் எங்க இருந்து வரும்?

அவர் முன்னாடி ஆடின டீமோட மேட்ச் ரெண்டை எடுத்து மூணாவது டவுன், 6 யார்டுக்கு மேல வேணும்ன்ற ஸ்னாப்பை மட்டும் தேடி வையுங்க. மேட்ச்சுக்கு அஞ்சாறு கிடைக்கும். இப்போ மெதுவா ஓட விட்டுப் பாருங்க. குவார்ட்டர்பேக்குக்கு இடது பக்கம் நம்ம ஆள் நிக்கிறாரு. எதிர்ல ரெண்டு லைன்பேக்கர் (தடுக்கிற டீமோட நடு வரிசை ஆளுங்க) சென்டருக்கு ரெண்டு பக்கமும் வந்து லைன்ல முட்டிக்கிட்டு நிக்கிறாங்க, ரெண்டு பேரும் வருவாங்களா, ஒருத்தர் வருவாரா, யாருமே வராம பின்னால போயிடுவாங்களான்னு தெரியாது. வெளிப்பக்கம் ஒரு கார்னர்பேக்கும் (ஓரத்துல பாஸ் பிடிக்கிறவங்களைக் காவல் காக்கிறவர்) கொஞ்சம் கொஞ்சமா உள்ள நகர்றாரு. ஸ்னாப் ஆகுது. இந்த ஒரு நொடியில அவர் தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாருங்க. உள்ள இருந்து வெளிய பாக்கணும், அதுதான் பொதுவான பாடம், ஏன்னா குவார்ட்டர்பேக் கிட்ட சீக்கிரமா வந்து சேர்றது நடுவுல வர்ற ஆளுதான். தலை முதல்ல வெளிப்பக்கம் போய் அப்புறம் பதறி உள்ள திரும்பினா, அந்த நேரத்துக்குள்ள லைன்பேக்கர் தாண்டிப் போயிருப்பாரு.

அடுத்தது கால். நல்லா தெரிஞ்சவர் ரெண்டு அடி முன்னால போய் லைன் கிட்டயே வாங்கிக்குவாரு, தெரியாதவர் நின்ன இடத்துலயே காத்திருந்து குவார்ட்டர்பேக் மடியிலேயே தள்ளப்படுவாரு. கை ரெண்டும் எதிராளியோட நெஞ்சுல பதியுதா, தலை நிமிர்ந்திருக்கா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு கால்ல போய் விழறாரா? எப்போவாவது கால்ல விழுந்து சாய்க்கிறது சரி, ஒவ்வொரு தடவையும் அதையே பண்ணினா பயப்படறாருன்னு அர்த்தம்.

இன்னொரு சின்ன விஷயம், இதை யாரும் எழுதிப் பாத்ததில்ல ஆனா எனக்கு ரொம்ப உதவினது. ஸ்னாப்புக்கு முன்னாடி குவார்ட்டர்பேக் அவரைக் கையால தொட்டு இங்க நில்லு, அந்தப் பக்கம் போன்னு நகர்த்துறாரான்னு பாருங்க. ஒரு தடவைன்னா பரவாயில்ல. ஒரே மேட்ச்ல மூணு நாலு தடவை நடந்தா ஆளுக்கு இன்னும் பிளேபுக் (டீமோட ஆட்டத் திட்டங்கள்) மனசுல ஏறல. புது டீம்ல அவர் ஆடுற முதல் ரெண்டு மேட்ச்லயும் இதையே திரும்பப் பாருங்க, குறைஞ்சுக்கிட்டே வரணும்.

4. இப்போ ஓட்டத்தைப் பாருங்க, ஆனா சராசரியை நம்பாதீங்க

ஒரு கேரிக்கு எத்தனை யார்டுன்றதுதான் எல்லாரும் முதல்ல சொல்ற நம்பர். பேக்கப் விஷயத்துல இது ரொம்பவே ஏமாத்தும், ஏன்னா கேரி கம்மி. கணக்குக்கு ஒண்ணு வச்சுக்குங்க, 10 கேரியில 60 யார்டு, சராசரி 6, கேக்கவே நல்லா இருக்கு. அதுல ஒரே ஒரு ஓட்டம் 45 யார்டுன்னா மிச்ச ஒன்பதும் சேர்ந்து 15தான். அந்த ஒன்பதுலயும் டீம் மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கும்.

அதுக்குப் பதிலா ஒவ்வொரு ஓட்டத்தையும் தேறிச்சா தேறலையான்னு நீங்களே ஒரு பேப்பர்ல குறிங்க. முதல் டவுன்ல தேவையான தூரத்துல 40 சதவீதம், ரெண்டாவதுல 60 சதவீதம், மூணாவது நாலாவதுல முழுசும் எடுத்தா தேறினதா வைக்கணும். அதாவது முதல் டவுன், 10 யார்டு வேணும்னா 4 எடுத்தாலே போதும். இருபது முப்பது கேரி இப்படிக் குறிச்சாலே ஆளு எப்படின்னு ஒரு உருவம் வந்துடும்.

அடுத்த கேள்வி, அந்த யார்டு யாரால வந்துச்சு? சி.ஜே. ஆண்டர்சன் கதையை மறக்காம வச்சுக்குங்க. 2018ல கரோலைனா பேந்தர்ஸ்ல 24 கேரியில 104 யார்டு, அனுப்பிட்டாங்க, அடுத்து ஒரு டீம் ஒரு வாரம் வச்சிருந்து அனுப்பிட்டாங்க, டிசம்பர்ல டாட் கர்லிக்கு முட்டி வலின்னு லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் கூப்பிட்டாங்க, வந்து ஒரு வாரம்கூட ஆகல, அரிசோனாவுக்கு எதிரா 20 கேரி 167 யார்டு, அடுத்த மேட்ச் 23 கேரி 132, பிளேஆஃப்ல டல்லாஸுக்கு எதிரா 23 கேரி 123 யார்டு, ரெண்டு டச்டவுன் (கோல் லைனைத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்). அதே மனுஷன் 2019ல டெட்ராய்ட் லயன்ஸ் போய் ரெண்டே மேட்ச்ல 16 கேரி 43 யார்டு, வெளிய வந்துட்டாரு. ஒரு வருஷத்துக்குள்ள ஒருத்தரோட கால் மாறிப் போறதில்ல. ராம்ஸ்ல முன்னாடி ஆண்ட்ரூ விட்வொர்த் மாதிரி ஆளுங்க இருந்த லைன், மூணு ரிசீவரை (பாஸ் பிடிக்கிறவங்க) எப்பவும் வெளிய நிறுத்துறதால நடுவுல எதிராளிங்க கம்மி. அந்த இடைவெளிக்கு அவர் பொருத்தமான ஆள்.

டைட்டன்ஸ்லயும் இதேதான். 2021 நவம்பர் 28ல நியூ இங்கிலாந்துக்கு எதிரா ஃபோர்மன் 109 யார்டு, அதே மேட்ச்ல இன்னொரு பேக்கப் டோன்ட்ரெல் ஹில்லியார்ட் 131 யார்டு. மேட்ச் தோத்தாங்க. ஒரே நாள்ல ரெண்டு பேக்கப் நூறு தாண்டினாங்கன்னா அந்தப் புகழ்ல பாதி வழி திறந்து விட்டவங்களுக்கும் போகணும்.

அதனால எதிராளி தொடுறதுக்கு முன்னாடி எத்தனை யார்டு, தொட்டதுக்கு அப்புறம் எத்தனைன்னு பிரிச்சுப் பாருங்க, இந்தக் கணக்கும் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ்ல இருக்கு. தொட்டதுக்கு அப்புறம் வர்றது அவரோட சொந்த சொத்து, எந்த டீமுக்குப் போனாலும் கூடவே வரும். முன்னாடி வந்தது பழைய டீமோட லைன் கொடுத்தது, பெரும்பாலும் அங்கயே தங்கிடும். பழைய டீமும் புது டீமும் ஒரே மாதிரி ஓடுறாங்களான்னும் பாக்கணும், பக்கவாட்டுல ஓடிக்கிட்டே போய் ஒரே வெட்டுல உள்ள நுழையிற அவுட்சைடு ஜோன் ஒரு பழக்கம், நேரா இடிச்சுக்கிட்டு போறது இன்னொரு பழக்கம், ஒண்ணுல கைதேர்ந்தவர் இன்னொண்ணுல தடுமாறுறதை நிறையவே பாத்திருக்கேன்.

ஃபம்பிள், அதாவது பந்தைக் கையில இருந்து நழுவ விடுறது பத்தி ஒரு வார்த்தை. பறிகொடுத்த ஃபம்பிளை மட்டும் எண்ணாதீங்க, மொத்தத்தையும் எண்ணுங்க. கீழ விழுந்த பந்தை நம்ம ஆளே எடுத்துட்டார்ன்றது அதிர்ஷ்டம். கோச் அதை மறக்கமாட்டாரு, ஸ்டார்ட்டருக்குக் கிடைக்கிற மன்னிப்பு பேக்கப்புக்குக் கிடைக்காது.

5. ஸ்பெஷல் டீம்ஸ்

மேட்ச் நாள்ல 53 பேரும் உடுப்பு மாட்டமாட்டாங்க, 48 பேர் வரைக்கும்தான். மூணாவது ரன்னிங் பேக்குக்கு அந்த லிஸ்ட்ல இடம் கிடைக்கிறதே ஸ்பெஷல் டீம்ஸ்ல, அதாவது பந்தை உதைக்கிற ஆட்டங்களுக்குன்னு இறங்குற குழுவுல, கிக்காஃப், பன்ட் (பந்தை எதிராளி பக்கம் உதைச்சு அனுப்புறது) வேலை பாத்தாத்தான். ரஹீம் மோஸ்டர்ட்டைப் பாருங்க, 2015ல டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்களை டீம்கள் தேர்ந்தெடுக்கிறது) யாரும் எடுக்கல, ஈகிள்ஸ், டால்ஃபின்ஸ், ரேவன்ஸ், பிரவுன்ஸ், ஜெட்ஸ், பேர்ஸ்னு ஆறு டீம் சுத்திட்டு 49ர்ஸ் வந்தவர். அங்க முதல்ல அவரை வச்சிருந்தது பன்ட் பின்னால பறந்து போய் ஆளைச் சாய்க்கிறதுக்குத்தான். அப்படியே இருந்து 2020 ஜனவரி 19ல கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிரா என்எஃப்சி (லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணு) ஃபைனல்ல 29 கேரி, 220 யார்டு, 4 டச்டவுன். அன்னிக்கு குவார்ட்டர்பேக் வீசினது மொத்தமே 8 பாஸ். தன்னை எந்தெந்தத் தேதியில வெளிய அனுப்பினாங்கன்ற லிஸ்ட்டை ஒவ்வொரு மேட்ச்சுக்கு முன்னாடியும் எடுத்துப் பாப்பேன்னு அவரே சொல்லியிருக்காரு, எனக்கு இப்பவும் அதைப் படிச்சா மனசு கனக்கும்.

2024ல கிக்காஃப் விதி மாறினதுல இருந்து திருப்பி ஓடுறது திரும்ப வேலையா ஆகிடுச்சு. ஸ்னாப் கவுண்ட் பக்கத்துல ஸ்பெஷல் டீம்ஸுக்குன்னு தனி கட்டம் இருக்கும், அதை விட்டுடாதீங்க.

6. உடம்பு

வயசு, மொத்த கேரி, பழைய காயம். குதிகால் தசைநாண் (அக்கிலீஸ்) கிழிஞ்சிருந்தா முடிஞ்சுதுன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க, ஃபோர்மனுக்கு 2017லயே அது கிழிஞ்சது, மறுபடி ஒரு சீசன்ல நிறைய ஓட நாலு வருஷம் ஆச்சு. அதனால காயம் என்னன்றதைவிட எப்போ ஆச்சுன்னு பாருங்க, ஒரு வருஷத்துக்குள்ளன்னா தள்ளி நில்லுங்க.

7. எப்போ முடிவெடுக்கிறது

சனிக்கிழமை அமெரிக்க கிழக்கு நேரம் சாயங்காலம் 4 மணிக்குள்ள பிராக்டிஸ் ஸ்குவாட்ல இருந்து யாரை ஏத்துறாங்கன்னு தெரிஞ்சுடும். ஞாயிறு மேட்ச்சுக்கு 90 நிமிஷம் முன்னாடி ஆடாதவங்க லிஸ்ட் வரும். இந்தியாவுல இருந்து பாக்கிறவங்களுக்கு மதியம் 1 மணி மேட்ச்னா அந்த லிஸ்ட் ராத்திரி 9 மணிக்கு, நவம்பர்ல அங்க கடிகாரத்தை மாத்தினதுக்கு அப்புறம் 10 மணிக்கு.

முதல் மேட்ச்ல அவர் எத்தனை யார்டு ஓடினாருன்னு பாத்து முடிவெடுக்காதீங்க. பீட்டர்சன் டைட்டன்ஸுக்கு ஆடின முதல் மேட்ச்ல 10 கேரி 21 யார்டு, ஆனா ஒரு டச்டவுன் போட்டாரு, நான் அந்த டச்டவுனைப் பாத்து தைரியமாயிட்டேன். அதே மேட்ச்ல ஃபோர்மன் 5 கேரி 29 யார்டு, அதை நான் கண்டுக்கவே இல்ல. நீங்க பாக்க வேண்டியது எத்தனை ஸ்னாப், அதுல மூணாவது டவுன் எத்தனை, ஆட்டம் இறுக்கமா இருக்கும்போது எத்தனை. 30 யார்டு பாக்கி இருக்கு, நாலு நிமிஷம் இருக்கு, மூணு பாயிண்ட் வித்தியாசம், அந்த நேரத்துல யார் உள்ள நிக்கிறாருன்னு எழுதி வையுங்க.

ரெண்டாவது மேட்ச்ல ஸ்னாப் கூடியிருந்தா அன்னிக்கு ராத்திரியே முடிவெடுங்க, செவ்வாய் ராத்திரி வெய்வர் ஓடுறதுக்குள்ள கேட்டு வையுங்க. அதுவரைக்கும் ஃபேன்டசி பட்ஜெட்ல நூத்துக்கு பதினஞ்சுக்கு மேல எந்தப் பேருக்காகவும் போடாதீங்க. குறைஞ்சிருந்தா மூணாவது மேட்ச் வரைக்கும் பொறுங்க, மூணுலயும் குறைஞ்சா பேப்பரை மடிச்சு வச்சுட்டு அடுத்த ஆளைப் பாருங்க. அந்தப் பேப்பரைத் தூக்கி மட்டும் போடாதீங்க, அவர் டிசம்பர்ல வேற டீம்ல வந்து நிக்கும்போது ஒண்ணரை மணி நேரம் மிச்சம்.